ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

வண்டி ஓடுகிற அன்றைக்குக் கிளம்பிவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். ஷெட் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்திருந்த கணவரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதுக்கில்ல."

"சரி, முதல்ல வண்டிய ஓட வெச்சிட்டு அப்புறம் பேசுவோம்" என்றன கால்கள்.

"அப்ப அது ஓடுற அன்னிக்குப் போறேன்."

"அப்படின்னா நீ ஆயுசுக்கும் இங்கதான்" என்று அவர் அடியிலிருந்தே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே பெட்டியை அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியூரில் இருப்பவரைப் போல வாழத் தெரிந்தவர். முதலில் பழைய மோட்டார் சைக்கிள்கள், பிறகு ஒரு லாரியின் முன்பாதி, கடைசியாக இந்த ராணுவ ஜீப். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஆனால் யானையாவது திரும்பிப் பார்க்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்த ஜீப் வந்த நாள் அவளுடைய அப்பா இறந்த நாள். கணவர் ராணுவக் கிடங்கில் ஏலத்துக்குப் போயிருந்தார். தகவல் சொன்னபோது, "இன்னும் மூணு வண்டிதான், நம்ம வண்டி வந்துடும், முடிச்சிட்டு நேரா வர்றேன்" என்றார். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு வந்து சேர்ந்தார். "வந்துட்டேன்ல" என்றார். அன்றைக்குத் தொண்டைக்குள் இறங்கிய ஏதோ ஒன்று பிறகு மேலே வரவே இல்லை.

பெட்டியை அடுக்கிய சில வாரங்களில் அவர் ஷெட்டிலேயே விழுந்தார். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் போயின. ஊன்றுகோலோடு நடக்கிற அளவுக்குக் கால் மெல்லத் திரும்பி வந்தது, கை வரவில்லை. மருத்துவர் அவரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளங்கையில் ஊசியால் குத்திப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார் கணவர். பக்கத்தில் நின்றிருந்த அவளுக்கு, அந்த ஊசியை வாங்கித் தன்னையும் எங்காவது குத்திப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதன்பிறகு மனதுக்குள் அவ்வப்போது குத்திப் பார்த்தாள். அப்பாவை நினைத்தாள், கழுவிவிட்ட ஈரத் தரையை நினைத்தாள், "வந்துட்டேன்ல" என்ற குரலை நினைத்தாள். எதுவும் சுருக்கென்று தைக்கவில்லை.

போகிற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. பெட்டியை அவள் பிரிக்கவும் இல்லை. உடுத்துவதற்கு அதிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பாள். சொந்த வீட்டில் விருந்தாளி.

"அக்கா, பெட்டிய பிரிச்சியா இல்லியா?" என்பாள் தங்கை ஃபோனில்.

"அது பாட்டுக்கு இருக்கு."

"நீயும் உன் பாட்டுக்கு இருக்கியாக்கும்."

ஒருநாள் அவர் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டார். "எனக்கு அஞ்சு விரல்தான் பாக்கி. உங்கிட்ட பத்து சும்மா இருக்கு. கொஞ்சம் கடன் குடேன்."

அவள் போனாள். போகாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது அவளிடம் இல்லை. சுரண்டினாள், தேய்த்தாள், கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். பச்சைப் பெயின்டுக்கு அடியில் மண் நிறம், அதற்கடியில் வேறொரு பச்சை. பட்டாளத்தில் துரு தெரிந்தால் துடைக்க மாட்டார்கள், மேலே பூசிவிடுவார்கள் என்றார் அவர். நம் வீட்டிலும் அதே பழக்கம்தான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஸ்பானர் எண்களை மெல்லப் பழகினாள். கேட்காமலேயே சரியான ஸ்பானரை எடுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடங்களில் ஒரே நாளில் இவ்வளவு வார்த்தைகளை அவர் அவளிடம் பேசியதில்லை. எல்லாம் நட்டையும் வாஷரையும் பற்றித்தான் என்றாலும்.

"ரத்தம்" என்றார் ஒருமுறை.

குனிந்து பார்த்தாள். தகரம் கிழித்து ஆள்காட்டி விரலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்கலையா?"

"தெரியல."

"எனக்குத்தான் தெரியக்கூடாது. உனக்குமா?" என்று இடது கையாலேயே துணியைக் கிழிக்கப் பார்த்தார். வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார்.

என்ஜினைப் பூட்டியாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழுவி மாட்டியாகிவிட்டது. கடைசியாக, பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் நான்கு வயர்கள். எந்த சிலிண்டருக்குப் பிறகு எது வெடிக்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைப்படி வயரை மாட்ட வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு" என்றார் அவர். அப்படியே மாட்டினாள். வண்டித் தரையிலிருந்த ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தாள். என்ஜின் இருமியது, கார்புரேட்டர் வழியாகத் தீப்பொறியோடு ஒரு தும்மல் போட்டது, படுத்துவிட்டது.

பெட்ரோல் வரும் குழாயைப் பார்த்தார்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலை மாற்றினார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்து கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே இருமல், அதே தும்மல். அவர் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு சின்ன திருகு சரியாக உட்காராவிட்டால் முன்பெல்லாம் சாப்பிடாமல் கிடக்கிற மனிதர், "நாளைக்குப் பார்த்துக்கலாம், வா" என்று ஊன்றுகோலை எடுத்தார்.

கர்னல் வந்தார். ராணுவ ஏலத்தில் பழைய வண்டிகளை மொத்தமாக எடுத்து விற்கிறவர், அன்றைய ஏலத்தில் இந்த ஜீப்பையும் எடுத்துக் கொடுத்தவர். ஒருநாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை, அவருடைய மீசை மட்டும்தான் சேவை செய்தது. ஜீப்பைத் தலையில் கட்டிய நாளிலிருந்து கணவரை மாப்பிள்ளை என்றும் இவளைத் தங்கச்சி என்றும் அழைப்பார். விற்ற சரக்குக்கு உறவு இனாம்.

"என்ன மாப்ள, தும்மிக்கிட்டே இருக்கு? ஜலதோஷமா?"

"கார்புரேட்டர்தான். சரியாயிடும்."

"கார்புரேட்டரா? எனக்கென்னவோ நெருப்பு இடம் மாறி விழுதுன்னு தோணுது. என் ஆளை நாளைக்கு அனுப்பறேன், கண்ண மூடித் திறக்குற நேரத்துல ஓட வெச்சிடுவான்."

"யாரும் வேணாம். இவளே பண்ணுவா."

"தங்கச்சிய மெக்கானிக்காவே ஆக்கிட்டியா? சம்பளம் தர்றியா, இல்ல சோத்துக்கா?"

"சோறும் நான்தாண்ணே பொங்கறேன்" என்றாள் அவள்.

கர்னல் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. 'யாரும் வேணாம்' என்று சொன்ன வேகத்தை அவள் கவனித்தாள்.

கர்னல் போனதும் அவர் தூங்கப் போனார். அவள் ஷெட்டிலேயே நின்றாள். என்ஜினின் மேல்மூடியில், ஓட்டுநர் பக்கத் தகரத்தை ஒட்டிய ஒரு மூலையை மட்டும் அவள் சுரண்டியதில்லை. "அந்தப் பக்கம் விடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லியிருந்தார். மற்ற எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத துருவுக்குக்கூடச் சண்டை போட்டவர்.

கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். தடித்த பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்பிலேயே வார்த்த எண்கள் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. 1 3 4 2. வயர் வரிசையை மறந்துபோகிற சிப்பாய்க்காகப் போட்டது போலும்.

அவருக்கு மறந்திருக்கலாம். விழுந்த பிறகு சில பெயர்கள், சில தேதிகள் அவருக்கு நழுவத்தான் செய்தன. ஆனால் மறந்தவருக்கு எந்த மூலையை விடச் சொல்ல வேண்டும் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் வர வேண்டிய இடம். இரக்கமாவது வர வேண்டும். இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

சாயங்காலம் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுக்கு அப்புறம் என்னங்க?"

"ரெண்டு."

"அப்புறம்?"

அவர் என்ஜின் பக்கம் திரும்பினார். சுரண்டிய மூலை மின்னியது. அதைப் பார்த்தார், பிறகு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார்.

அவள் இரண்டாவது சிலிண்டரின் வயரையும் மூன்றாவது சிலிண்டரின் வயரையும் பிடுங்கி இடம் மாற்றி மாட்டினாள். ஸ்டார்ட்டரை மிதித்தாள். ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. தகரச் சுவர்கள் அதிர்ந்தன, டப்பாவிலிருந்த நட்டுகள் கலகலத்தன. புகை மெதுவாக வெளுத்தது. இறங்கி வந்து அந்த எண்களின்மேல் உள்ளங்கையை வைத்தாள். என்ஜின் அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"கைய எடு. சுடும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"தெரியுது" என்று எடுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. என்ஜினை நிறுத்தினாள்.

"போறதா இருந்தா நான் போவேன்" என்றாள். "வயரை மாத்திச் சொல்லி என்னை நிறுத்தி வெக்காதீங்க."

"வேற எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா?"

"தெரியல. கேட்டிருக்கலாம்."

அவர் ஊன்றுகோலின் முனையால் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தார். "அன்னிக்கு ஏலத்தை விட்டுட்டு வந்திருக்கணும். உங்க அப்பா..."

அந்த வார்த்தைக்காக வாசலிலேயே அவள் காத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அது வந்து சேர்ந்தபோது வீட்டில் ஆளில்லை. கேட்டது என்பதற்கு அடையாளமாகத் தலையை மட்டும் அசைத்தாள்.

"தங்கச்சி வீட்ல உனக்கு ரூம் இருக்கா?" என்றார். அவள் போகப்போகிற இடத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"பின்பக்கம் சின்னதா ஒண்ணு. ஜன்னல் இருக்கு."

"காத்து வருமா?"

"வரும்."

"சரி."

"இன்னிக்குப் போகல" என்றாள். "இது ஓடுதுங்கிறதுக்காகப் போகவும் இல்ல, ஓடலைங்கிறதுக்காக இருக்கவும் இல்ல. அடுத்த மாசம் போறேன், அது நான் வெச்ச நாள். அதுக்குள்ள சட்டைக்குப் பட்டன் போடப் பழகிக்குங்க. ஒரு கையால ஆகும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க."

"வரலன்னா?"

"கர்னல் வந்து போட்டு விடுவாரு. மச்சான் ஆச்சே."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம்தான் வந்தது. பிறகு ஊன்றுகோலைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு, ஜீப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இடது கையால் நான்கு வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவை தொங்கின. முதலாவதை எடுத்துப் பிளக்கின்மேல் வைத்து அழுத்தினார், நழுவியது. மறுபடி வைத்தார். உட்கார்ந்தது.

"ஒண்ணு" என்றார், யாருக்கோ ஒப்பிப்பதுபோல. "மூணு."

மூன்றாவது பிடிகொடுக்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார், கழுத்தில் வியர்த்தது. அவள் காலியான நாற்காலியில் உட்கார்ந்து, சிவந்த உள்ளங்கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு எழுந்திருக்கவில்லை. அவர் இரண்டுக்கு வந்து முடிக்கும்வரை உள்ளே போகவும் இல்லை.