‘வேண்டாம்’ சொல்லும் மாடியறை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் பிறப்பிடம் இலக்கிய தாகம் அல்ல, பொறாமை. என்னோடு வேலைபார்த்த ஒருவர் ‘நான் தொழில் தொடங்கிய கதை’ என்று நூற்றிருபது பக்கத்தில் புத்தகம் போட்டு, வீடு தேடிவந்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவர் நடத்தியது ஜெராக்ஸ் கடை. நான் ஆலோசனை நிறுவனம் நடத்தியவன். விடுவேனா?

முதல் வரி இப்படி வந்தது: காரைக்கால் கடற்கரையில் அலைகள்...

அடித்துவிட்டேன். எங்கள் அலுவலகத்திலிருந்து தெரிந்தது பேருந்து நிலையத்தின் பின்பக்கம்.

இரண்டாவது: நான் ஓய்வுபெற்ற மறுநாளே ஆலோசனை கேட்டு ஆயிரம் பேர் என் வாசலில்—

[மூன்று பேர். அதில் ஒருவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். — க.சு.]

க.சு. என்பவர் கல்யாணசுந்தரி. நிறுவனம் நடத்திய இரண்டு வருஷமும் என் கூட்டாளி. கதையை அவரிடம் படிக்கக் கொடுத்தது என் தவறு. அவர் இப்போது எங்கே உட்கார்ந்து இதைத் திருத்துகிறார் என்று துப்பறியாதீர்கள். பென்சில் எல்லா அலுவலகத்திலும் கிடைக்கும்.

2

நான் மார்ட்டின். முப்பத்துநான்கு வருஷம் ஐஸ் ஃபேக்டரி மேலாளர். சுந்தரி அரசாங்கத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர். சம்பளமில்லா விடுப்பில் வந்திருந்தார். இரண்டே வருஷம். அதற்குள் நிறுவனம் காலூன்றினால் அரசு வேலையை ராஜினாமா செய்வார். ஊன்றாவிட்டால் பழைய நாற்காலிக்குத் திரும்புவார். இந்தக் கதையில் பணயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் ஜோடனை.

தையல் கடைக்கு மேல் மாடியறை எடுத்து, ‘மார்ட்டின் – கல்யாணசுந்தரி, ஆலோசகர்கள்’ என்று பலகை மாட்டினோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊரில் மார்ட்டின் என்று பெயர் போட்டு, பக்கத்தில் ஆலோசனை என்றும் எழுதினால், பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பேப்பர் பார்ப்பவன் என்றே பொருள். அது எங்களுக்கு உறைக்க ஆறு மாதமானது. ஒரு அம்மாள் பிரெஞ்சுக் காலத்து மஞ்சளேறிய பிறப்புப் பதிவை மேசைமேல் விரித்தார்.

“எங்க மாமனாரோட எத்தா சிவில் பேப்பருங்க. பேரன பாரீஸ் அனுப்பணும்.”

“நாங்க வியாபாரத்துக்குத்தான் யோசனை சொல்றதுங்கம்மா.”

“அங்க போயி அவன் வியாபாரந்தான் பண்ணப்போறான். எழுதுங்க.”

3

முதல் உண்மையான வாடிக்கையாளர் சேக் பரீது. டவுனில் பிரியாணிக் கடை. மச்சானைக் கூட்டுச் சேர்த்துக் கோட்டுச்சேரியில் இரண்டாவது போடலாமா என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை, நின்று எண்ணுவது. நான்கு நாள் வெயிலில் நின்று, மதியம் அந்தப் பக்கம் சாப்பிட இறங்கிய நாற்பதாயிரம் பேரை—

[முந்நூற்றுப் பதினொன்று. — க.சு.]

—எண்ணி, ‘வேண்டாம்’ என்று அறிக்கை கொடுத்தோம். பரீது கொதித்துப்போனார்.

“வேண்டாம்னு சொல்லத்தான் எங்க அத்தா இருக்காரே! அதுக்கு நீங்க எதுக்குங்க?”

மச்சானையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். போச்சு, கடையைக் கட்டலாம் என்று நினைத்தேன். பத்தாம் நாள் தனியாகப் படியேறி வந்தார்.

“அதுல இன்னொரு காப்பி குடுங்க சார். மச்சானுக்கு நா வேண்டாம்னா வீட்ல சோறு கெடைக்காது. பேப்பரு சொன்னா அவன் யார கோவிச்சுக்குவான்?”

அன்றுதான் எங்கள் தொழில் என்னவென்று எங்களுக்கே விளங்கியது. எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கும் ஊரில், ‘முடியாது’ என்று சொல்ல வெளியாள் வேண்டும். சித்தப்பா படகில் பங்கு சேரலாமா, சம்பந்தியோடு ரைஸ் மில் எடுக்கலாமா... நாங்கள் நின்றோம், எண்ணினோம், எழுதினோம். சரி என்றும் சில தடவை எழுதியிருக்கிறோம்.

[இரண்டு. — க.சு.]

4

விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கையில் சுந்தரி புதுக் கோப்பு ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“புது கிளையன்ட் சார்.”

“யாரும்மா?”

“நான்தான். வேலைய விட்டுட்டு இங்கயே இருக்கறதா, திரும்பிப் போறதா?”

“இதென்னம்மா கேள்வி? இருங்க!”

“நா போயிட்டா உங்களுக்குக் கஷ்டம். அதனால உங்க வாய்வார்த்தை செல்லாது. வீட்ல எல்லாரும் போங்கறாங்க, அதுவும் செல்லாது. போயி எண்ணிட்டு வாங்க.”

5

எதிர் டீக்கடையில் நான்கு நாள் நின்றேன். எங்கள் படியில் கால்வைக்குமுன் எல்லாரும் கீழே தையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அதைத்தான் எண்ணினேன். “மேடம் இருக்காங்களா?” — பதினேழு பேர். “சார் இருக்காரா?” — ஒருவர். அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

ஆக, அவர் போனால் அன்றோடு நிறுவனம் மூடல். அவர் இருந்தால் நிறுவனம் பிழைக்கும், நான் தேவையில்லை. ஆனால் பதினேழு பேரை நம்பி ஓர் அரசு வேலையை விடலாமா?

இந்த இடத்தில் நான் எழுதிக் கிழித்த முடிவுகள்:

அ) பதினேழின் இலக்கங்களை இடம் மாற்றுகிறேன். எழுபத்தொன்று! சுந்தரி தங்கிவிடுகிறார். நான் ஆயுசுக்கும் அவர் முகத்தைப் பார்க்காமல்—

ஆ) மும்பைக் கம்பெனி ஒன்று ஹெலிகாப்டரில் வந்து, தையல் கடை மொட்டைமாடியில்—

[மாடியில் எங்கள் அறைதான் இருக்கிறது. — க.சு.]

ஊரையே பெருக்கிக் காட்டிய கை இது. அந்த ஒரு எண்ணில் மட்டும் கைவைப்பதில்லை என்று உறுதியாக உட்கார்ந்தேன். பதினேழு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினேன். எனக்கு ஒன்று என்பதையும் எழுதினேன். கடைசி வரியில் ‘அரசு வேலையை விடுவது’ என்று போட்டு, மிச்சத்தைக் காலியாக விட்டேன். இவ்வளவு எண்ணிக்கைதான் என்னால் கொடுக்க முடியும். துணிச்சல் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

6

சுந்தரி இரண்டு முறை படித்தார்.

“நா இருந்துட்டா நீங்க என்ன சார் பண்ணுவீங்க?”

“படியேறி வந்து, மேடம் இருக்காங்களான்னு கேப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, காலியிடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’. எதுவென்று எனக்குத் தெரியும், சொல்வதாக இல்லை. நீங்களே அவர் நாற்காலியில் உட்காருங்கள். நிபந்தனை ஒன்றுதான்: எழுதியபின் அவர் அதை அடிக்கவில்லை, நீங்களும் அடிக்கக் கூடாது.

அரசு வேலையை விடுவது: ____________