மாமனார் முடிக்கவிடாத சொல்

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியருக்கு இருந்த சொத்து இரண்டு: ஒரே மகள், ஒரே பிடிவாதம். இரண்டையும் சேர்த்தே மாப்பிள்ளையின் தலையில் கட்டியிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை, அலுவலகத்தில் உதவி ஆசிரியன். தனிக்குடித்தனப் பேச்சை எடுத்ததும் மாமனார் பெருந்தன்மையாகச் சொன்னார்:

"தாராளமா போங்க மாப்பிள்ளை. இந்த 'டேக்'ங்கிற ஒரு சொல்லை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

'எடு' என்று ஒரு வரி எழுதி மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தான், பாவம். இங்கிலீஷ்காரன் அந்த ஒரு சொல்லை வைத்தே பஸ் பிடிக்கிறான், மாத்திரை விழுங்குகிறான், குளிக்கிறான், பரீட்சை எழுதுகிறான். கூட ஒரு 'ஆஃப்' சேர்த்தால் சட்டையைக் கழற்றுகிறான். அதே 'ஆஃப்'பில் விமானத்தையும் கிளப்பிவிடுகிறான். வேறு வினைச்சொல் வாங்க வசதியில்லாத குடும்பம் போலிருக்கிறது. பொருள் எழுதிய அட்டைகள் மேசையை நிறைத்து, பீரோவை நிறைத்து, கடைசியில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.

"இன்னிக்கு முடிஞ்சிடும் மாமா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் மாமனார் சாப்பாட்டு மேசையில் புதிதாக ஒன்றைப் பரிமாறுவார்.

"ஒட்டுச்செடி பிடிச்சுக்கிறதுக்கும் அதே சொல்தானாமே? தோட்டக்காரர் சொன்னார்."

அறைக்குள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அப்பா பரிமாறப் பரிமாற நீங்களும் வாங்கிக் கொட்டிக்குங்க! நாம வாடகைக்குப் பார்த்து வச்ச வீட்டுக்காரர் வேற ஆளைப் பார்க்கப் போறாராம். இந்த வாரம் ரெண்டு பேரும் போறோம். இல்லேன்னா நான் மட்டும் போறேன்."

அலுவலகத்தில் மாமனாரே போட்ட சட்டம் ஒன்று உண்டு: சொல்லின் பிறப்பை ஆராய்கிறவர் அதன் பொருளில் கை வைக்கக் கூடாது. பூர்வீகத்துக்குத் தோதாகப் பொருளை வளைத்துவிடுவாராம்.

மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தான். "மாமா, இந்தச் சொல்லே இங்கிலீஷ்காரனோடது இல்லையாமே. வடக்கேயிருந்து கப்பல்ல கொள்ளையடிக்க வந்தவங்க விட்டுட்டுப் போனதாம்."

"அதுதான் ஊருக்கே தெரியுமே."

"அவங்க அதை யார்கிட்ட அடிச்சாங்க? அதுதான் யாருக்கும் சரியா பிடிபடலையாம். உங்க சிநேகிதர், அந்தப் போட்டி அகராதிக்காரர், கண்டுபிடிச்சுடுவார்னு பேச்சு."

மாமனாரின் கவளம் பாதி வழியில் நின்றது. "அவனா? அவனுக்குச் சொந்தத் தாத்தா பேரே தெரியாதே!"

காலையில் முதல் வேலையாகப் பிறப்பு ஆராய்ச்சியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் மாப்பிள்ளை பொருள்களை முடித்துக் கையெழுத்துப் போட்டான். இன்னொரு பொருளைப் பரிமாற மாமனார் வாயைத் திறந்தார். சட்டம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். சாயங்காலம் வண்டியில் சாமான் ஏறியது.

புது வீட்டில் முதல் காபி ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. மாமனார் நின்றார். பின்னால் ஒரு வண்டி நிறையப் புத்தகம், மேலே சுருட்டிய படுக்கை.

"வீட்ல உங்க அத்தை ஒரே சத்தம் மாப்பிள்ளை. பூர்வீகத்துக்கு அமைதி வேணும். அந்தப் பின்பக்க ரூம் காலியாத்தானே இருக்கு?"

"எத்தனை நாளைக்கு மாமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! கண்டுபிடிச்ச மறு நிமிஷமே கிளம்பிடுவேன்."