கனகாவின் முதுகில் நல்லகாமன் நகர்

கொரோனா இரண்டாவது அலை அடித்த வருடம் மே மாதம் பதினோராம் தேதி காலை, வண்டியூர் பத்து ரூபாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பூக்காரி கனகாவின் முதுகில், தோளிலிருந்து தோள்வரை நீல எழுத்தில், 'உபயம்: நல்லகாமன் நகர், சமயநல்லூர். மாட்டுத்தாவணியிலிருந்து பத்தே நிமிடம்' என்று எழுந்திருந்தது. அடியில் செல் நம்பரும் இருந்தது. நர்ஸ் சகாயமேரி சோப்புப் போட்டுத் தேய்த்தாள், ஸ்பிரிட்டில் துடைத்தாள். எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். கனகாவுக்கு வலியில்லை, அரிப்பில்லை, ஆக்ஸிஜன் அளவும் எண்பத்திரண்டிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறியிருந்தது. ஆகவே நோட்டில் 'நலம்' என்று எழுதிவிட்டு சகாயமேரி அடுத்த கட்டிலுக்குப் போனாள். பார்த்தவர்கள் எல்லாரும் நம்ப மறுத்தது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் செயலாளர் ஞானசீலன், மிஷன் பள்ளியில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த வெளிநாட்டு அமைப்பு ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதியது: பெருந்தொற்று பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த நிதி தேவைப்படுவதால், பெருந்தொற்றுக் காலம் முடியும்வரை மருத்துவமனைக்கு நிதி கிடையாது. ஞானசீலன் மூன்று முறை படித்தார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு மாஸ்க் மாட்டிக்கொண்டு ஊருக்குள் பிச்சை கேட்கக் கிளம்பினார். சமயநல்லூரில் பிளாட் போட்டு விற்கும் நல்லகாமன் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் கொடுத்தார். மெஷினைவிடப் பெரிய ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டிக் கொடுத்தார். காற்றுத் துவாரம் அடைபட்டு மெஷின் சூடேறி அலறவே, சகாயமேரி ஸ்டிக்கரை உரித்து எறிந்தாள். ஒட்டின பெயர் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். அது காற்றோடு கனகாவுக்குள்ளே போய்விட்டது.

கனகா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உசிரு இருக்குல்ல சிஸ்டர், அது போதும். எங்க மாமியாதான் படிச்சுப் பாத்துட்டு சென்ட்டு எம்புட்டுன்னு கேக்குது" என்றாள். செய்தி பரவிய நாலாம் நாள், கேட்காமலே கொடை வந்தது. நகைக்கடை, பரோட்டாக் கடை, டியூஷன் சென்டர், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் என்று ஆள்மாற்றி ஆள் மெஷினோடு வந்து நின்றார்கள். ஒருவர் நோயாளியின் நெற்றியில் பெயர் வருமா என்று விசாரித்தார். ஞானசீலன் யோசிப்பதற்குள், "நெத்தி வாடகைக்கு இல்லண்ணே" என்று சகாயமேரி கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரியின் மூன்று அறைகளிலும் கட்டில்கள் நிறைந்தன, ஆட்கள் பிழைத்தார்கள். ஞானசீலனுக்கு மட்டும் மகிழ்ச்சியும் கூச்சமும் சேர்ந்து தூக்கம் கெட்டது. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் 'கர்த்தரே' என்பதற்கு முன்னால் 'பத்தே நிமிடம்' வாயில் வந்தது.

அந்த வாரக் கடைசியில் முத்திருளன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். பூமார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நல்லகாமன் நகரில் பிளாட் வாங்கியவர். மழை பெய்தால் அவருடைய பிளாட்டில் மீன் பிடிக்கலாம். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் காலியாக இருந்ததோ நல்லகாமனின் மெஷின் ஒன்றுதான். ஞானசீலன் நேரில் போய்க் கெஞ்சினார்.

"தம்பி, எழுபத்தெட்டுக்கு எறங்கிருச்சு. வாங்க."

"வர மாட்டேன் சார். எங்கிட்ட வாங்குன காசுல ஊரெல்லாம் போர்டு வச்சான். எம் முதுகுலயும் வைக்கணுமாக்கும்?"

போர்டு வைக்க வந்தவர்களை வரிசையில் நிற்கவிட்டதே ஞானசீலன்தான். வேகாத வெயிலில் மாட்டுத்தாவணிக்கு நடந்து, மூடிக்கிடந்த மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சுமை தூக்குகிறவர்களும் பூக்காரிகளும் முந்தியிலிருந்தும் மடியிலிருந்தும் எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டார்கள். அன்று மாலையே இரண்டு சிலிண்டர் வந்தது. ஸ்டிக்கர் கிடையாது. முத்திருளன் மூச்சு விட்டார். மூன்றாம் நாள் அவருடைய பிடரியிலிருந்து இடுப்புவரை, வாக்காளர் பட்டியல் மாதிரிப் பொடி எழுத்தில், நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் எழுந்தன.

"கனகா பேரு இருக்கா சிஸ்டர்?" என்று முத்திருளன் குப்புறப் படுத்தபடி கேட்டார்.

"இருக்கு. எழுத்துப்பிழையோட இருக்கு."

மறுநாள் நல்லகாமனே மூச்சுத் திணறி வந்தார். அவருடைய கார் மதுரையில் எட்டு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துவிட்டு ஒன்பதாவதாக வண்டியூருக்கு வந்திருந்தது. அவர் கொடுத்த மெஷினில் அருண்பாண்டி என்ற டெம்போ டிரைவர் இருந்தான். "அது எங்க மெஷின்தானே, கழட்டிக் குடுங்க" என்றார் நல்லகாமனின் மச்சினர். "இப்ப அது அந்தத் தம்பியோட மூச்சு" என்றாள் சகாயமேரி. மிச்சமிருந்தது மார்க்கெட்காரர்களின் இரண்டாவது சிலிண்டர். அதைத் தொட ஞானசீலனுக்கு மனம் துணியவில்லை. முத்திருளனின் கட்டிலுக்குப் போய்த் தலை குனிந்து நின்றார். பக்கத்து அறையில் நல்லகாமன் இழுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"குடுத்துருங்க சார். ஆனா அத்தன பேரையும் அந்தாளுக்குப் படிச்சுக் காட்டணும்."

நல்லகாமன் பிழைத்தார். அவருக்கு எழுத்து பெரிதாக விழுந்ததால் முதுகு போதாமல் பெயர்கள் தொடைவரை இறங்கின. சகாயமேரி அவரைக் குப்புறப் படுக்க வைத்து, நாற்பது நிமிடம் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கடைசிப் பெயர் முடிந்ததும், "இவங்கள்லாம் யாரு, நம்ம கஸ்டமரா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"இல்லண்ணே. உங்க உபயதாரருங்க."

சாப்பாடு வந்தபோதும் அவர் திரும்பிப் படுக்கவில்லை. திருந்திவிட்டார் என்று எழுதுவதற்கில்லை. முத்திருளனின் பிளாட்டில் இன்றைக்கும் கெளுத்தி மீன் கிடைக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு சிலிண்டர் பெயரில்லாமல் வந்து இறங்குகிறது, ஞானசீலனும் யாரென்று கேட்பதில்லை.

இப்போது அந்தப் பக்கத்து ஆட்கள் எந்த விண்ணப்பம் போட்டாலும், அங்க அடையாளம் என்ற இடத்தில் மச்சத்தோடு முதுகில் எழுந்த பெயரையும் எழுதுகிறார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நிமிர்ந்து பார்ப்பதில்லை. தகப்பன் பேர் கேட்கும் அதே குரலில், "உபயம் யாரு?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்.