கை வைக்காத வைத்தியன்

ராஜகுமாரியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலில் புதிதாகத் திறந்திருந்த முதுகெலும்பு கிளினிக்கில் கால் வைத்ததுமே அவள் கண் சுவரெல்லாம் மேய்ந்தது. கண்ணாடி போட்ட சர்டிபிகேட் மூன்று. மூன்றும் இங்கிலீஷ். எவளுக்கு வாசிக்கத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் மாட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டினாள்.

அவள் புருஷன் வேல்சாமி விசைத்தறி ஓட்டுகிறவர். நின்றால்தான் அவருக்கு வேலை. பத்து நாளாக நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இடுப்பிலிருந்து பாதம்வரை சுண்டி இழுத்தது. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியும் கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் சுடலைராஜுக்கு இப்படித்தான் பனவடலிசத்திரம் பக்கம் எவனோ கழுத்தைப் பிடித்துத் திருகி, இன்றைக்கும் வலது கையால் தம்ளரைத் தூக்க முடியாது. இவருக்கும் அப்படி ஆகிவிட்டால்?

கையாலேயே முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்கிற கைரோபிராக்டர் எபினேசருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கோயமுத்தூரில் ஜிம் மாஸ்டராக இருந்தவன் என்று பக்கத்து வீட்டு பெத்துராஜ் சொல்லியிருந்தார். அதையே முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவன் கூசாமல் ஆமாம் என்றான். வெயிட் தூக்கி முதுகு போய் எட்டு மாதம் படுத்துக் கிடந்தானாம். எழுந்த பிறகுதான் வெளிநாட்டுக்குப் போய் இதைப் படித்தானாம். நன்றாகத்தான் ஜோடிக்கிறான்.

பிறகு முதுகை விட்டுவிட்டு ஊர்க்கதையெல்லாம் கேட்டான். தூக்கம் எப்படி, சாப்பாடு என்ன, மனசில் என்ன கவலை. முதுகு மட்டும் தனியாக வலிக்காது, முழு ஆளையும் பார்க்க வேண்டும் என்றான். எல்லாவற்றுக்கும் ராஜகுமாரிதான் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரி என்று போனால் வேல்சாமி வாய் திறந்ததே கிடையாது.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அண்ணாச்சிகிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்," என்றான் எபினேசர்.

பார்த்தாயா, குட்டு வெளியே வருகிறது! அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதுவானாலும் தன் எதிரிலேயே கேட்கச் சொன்னாள்.

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒன்றுக்குப் போவது தெரிகிறதா? தொடையிடுக்கு மரத்துப்போயிருக்கிறதா? ராஜகுமாரிக்குக் காது கூசியது. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று வெடுக்கென்று சொன்னாள். வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வாயால் சொன்னால்தான் முதுகைத் தொடுவேன் என்றான் எபினேசர். தொழில் தெரியாதவன் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவள் எழுந்து புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழவில்லை.

"நேத்துலேருந்து ஒண்ணும் தெரியலட்டி," என்றார் தரையைப் பார்த்து. "தன்னால போயிருது. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

எபினேசர் அதற்குள் காருக்குப் போன் போட்டுவிட்டான். நரம்பு நசுங்குகிறது போலிருக்கிறது, இதில் தன் கை படவே கூடாது, இப்போதே திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்து, தேவையென்றால் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றான்.

"இவுக பழையபடி நடந்துருவாகளா?"

"தெரியலக்கா. ஒடனே கெளம்புங்க."

கார் வருகிறவரை ராஜகுமாரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் போலி டாக்டராகவே இருந்துவிடக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.