கவிழ்த்து வைத்த டம்ளர்

என் அக்காவும் மாமாவும் நன்றாகச் சண்டை போடுவார்கள். "குட்டிக்கு மாத்திரை குடுத்தியா?" என்று மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்துவார். "குடுக்காம பின்ன? தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தாதீங்க" என்று அக்கா உள்ளேயிருந்து எகிறுவாள். அவர்கள் மகள் குட்டிக்கு வலிப்பு உண்டு. காலையும் சாயங்காலமும் மாத்திரை தவறக் கூடாது. அந்தக் கத்தலில்தான் அந்தப் பிள்ளை அதுவரை நல்லபடியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருஷம் ஊரில் தண்ணீர் வற்றியது. மாமா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். போன தெருவிலெல்லாம் ஜனங்கள் குடத்தோடு மொய்த்தார்கள். தண்ணீர் தீர்ந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அக்கா தையல் கம்பெனி வேலை முடிந்து நேரே வரிசைக்குப் போவாள். இரண்டு பேரும் வீடு வந்து சேரும்போது நார் நாராகக் கிழிந்திருப்பார்கள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கரிசனம் வந்தது.

"பாவம், அவரே செத்துச் சுண்ணாம்பாகி வர்றாரு. இதை வேற கேட்டு நச்சரிக்கணுமா?" என்றாள் அக்கா. மாமாவுக்கும் அதே நினைப்பு. கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: மாத்திரை கொடுத்தவர் குட்டியின் டம்ளரை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

"நல்லா இருக்கு உங்க குடித்தனம். இனி தும்மினாலும் டம்ளர்லயே சொல்லிக்குங்க" என்று கிண்டல் செய்தேன். அக்கா சிரித்தாள்.

ஒரு சாயங்காலம் வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாத்திரையை வந்து கொடுக்கலாம் என்று அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போகிற அவசரத்தில், கரப்பான் ஏறிவிடுமே என்று டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மாமா ஒரு கேன் தண்ணீரோடு வந்தார். டம்ளரைப் பார்த்தார், நிம்மதியாகப் படுத்துவிட்டார். அக்கா திரும்பி வந்தபோது தண்ணீர் இருந்தது, டம்ளர் கவிழ்ந்திருந்தது. தானே கவிழ்த்தது அலைச்சலில் மறந்துபோய், அவர்தான் கொடுத்திருப்பார் என்று நினைத்தாள். எழுப்பிக் கேட்க மனசு வரவில்லை.

விடிவதற்குள் குட்டிக்கு வலிப்பு வந்தது. லேசில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடுதான் வந்தாள். ஆனால் அந்த வாயாடி எந்நேரமும் தூங்கி வழிந்தாள். சோற்றை வாயில் வைத்தபடியே கண் செருகும். மூளை கொஞ்சம் பாதித்திருக்கலாம், போகப் போகப் பார்ப்போம் என்றார் டாக்டர். "என் தப்பு", "இல்ல, என் தப்புதான்" என்று அக்காவும் மாமாவும் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவரையொருவர் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மழை பெய்தது. குழாயில் தண்ணீர் வந்தது. குட்டி மட்டும் தெளியவில்லை.

நேற்று சாயங்காலம் போயிருந்தேன். "சித்தி" என்று மடியில் ஏறியவள், அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், பழைய மாமா மாதிரியே கத்திக் கேட்டேன்: "இவளுக்கு மாத்திரை குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

"நானும்..." என்று ஆரம்பித்த மாமாவின் முகம் வெளிறியது.

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். தனியாக வாங்கி வைத்துக்கொண்டது. இனி எதையும் நம்பி இருக்கக் கூடாது என்று அவர் இரண்டு வேளையும் கொடுத்து வந்திருக்கிறார். அக்காவும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக.

"ஒரு வார்த்தை கேட்டா என்ன மாமா?"

"அவளே நொந்து போயிருக்கா. கேட்டா, குத்திக் காட்டறேன்னு நினைப்பாளேன்னு..."

அக்காவைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"இப்பவாவது சண்டை போட்டுத் தொலைங்களேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அவள் தலை தொங்கியது. ஆட்டோவில் ஏறியதும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மத்தியானம் சாப்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.