வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பிள்ளை

தலைவலி இருக்கிறது என்று சொன்னால் போதும். அதைப் பெரிய பொய் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. நிறைமாதக்காரிக்கு எங்கேதான் வலி இல்லை?

பரிசோதனை அறைக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஜோலின் இதை மூன்றாவது முறையாக நினைத்துக்கொண்டாள். அவள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தவள் வெர்லா. முப்பத்தோரு வருஷமாக இந்த மருத்துவமனையின் பிரசவ நர்ஸ். ஜோலினுக்கு மாமியாரும் அவள்தான்.

இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமையோடு பிரசவப் பிரிவை மூடுகிறார்கள். அதைப் பற்றி ஜனவரியில் பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் போட்டார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார். "வருஷத்துக்கு நாப்பது பிரசவம். அதுல பாதி, இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற இன்சூரன்ஸ்ல வர்றது. அந்தப் பணத்துல நர்ஸ் சம்பளம்கூடத் தேறாது. நான் என்ன பண்ணட்டும்?" வாஷிங்டனில் இருக்கும் அரசாங்கம்தான் காரணம் என்றார் ஒருவர். இந்தப் பனிக்காட்டுக்கு எந்த டாக்டர் வருவான் என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விடுங்கப்பா, மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக்கலாம். அந்த ஆளாவது வீட்டுக்கே வர்றாரு!" ஜிம்மே சிரித்தது. வெர்லா மட்டும் சிரிக்கவில்லை.

இனி பிரசவம் என்றால் பில்லிங்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான். நூற்று நாற்பது மைல். ஏப்ரல் பாதிவரை பனி விழும் ஊர் இது. ஜோலினுக்கோ முப்பத்தேழு வாரம்தான் ஆகியிருந்தது; நாள் நிறைய இன்னும் மூன்று வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தோசைக்கல்லில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டபடி, வெர்லா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "போன வாரம் உனக்கு பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, கண்ணு. இன்னும் கொஞ்சம் ஏறி, தலைவலியும் இருக்குன்னு நீ சொன்னேன்னு வையி, டாக்டர் வலி வர மருந்து போட ஒத்துக்குவாரு. வியாழக்கிழமைக்குள்ள பிள்ளை நம்ம கையில."

"பிரஷர் நான் சொன்னா ஏறுமா?"

"கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு காபி குடி. கர்ட்டிஸோட ஒரு சண்டை போடு."

"அவன் ஒருத்தன் போதுமே, காபி எதுக்கு?"

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றான் ஜோலினின் கணவன் கர்ட்டிஸ், வாய் நிறையப் பான்கேக்கோடு.

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் வெர்லா சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜோலினுக்கும் பயம் இல்லாமல் இல்லை. எட்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காற்று பனியைச் சீவிக்கொண்டு குறுக்கே வீசும்போது அந்தச் சாலை எப்படிக் காணாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். பனியைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: அங்கே வெர்லா இருக்கமாட்டாள். முதல் பிள்ளை நாலாம் மாதத்திலேயே போனபோது, குளியலறைத் தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் வெர்லா. ஈரமாகியிருந்த காலுறைகளைக் கழற்றிவிட்டு, தன்னுடையதைப் போட்டுவிட்டாள். பெற்ற தாயிடம்கூட ஜோலின் அப்படி இருந்ததில்லை. இவளுக்கு இல்லையென்று சொல்ல வாய் எப்படி வரும்?

"நூத்து முப்பத்தெட்டு," என்றாள் வெர்லா, பட்டை காட்டிய எண்ணைப் பார்த்து. "காபி குடிச்சியா?"

"குடிச்சேன். தொட்டில் திருகாணியை நீ எங்க தொலைச்சேன்னு கர்ட்டிஸைப் பிடிச்சு உலுக்கியும் ஆச்சு."

"என் தங்கம்."

பட்டையைக் கழற்றும் வெர்லாவின் விரல்களை ஜோலின் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளை வழுக்கவிடாமல் ஏந்திய விரல்கள். மாடுகள் கன்று போடும் பருவத்துக்கு முன்னால் பெற்றுவிடவேண்டும் என்று அவசரப்பட்ட பண்ணைக்காரப் பெண்களை இதே அறையில் வைத்து விரட்டியவள் இவள்தான். "நுரையீரல்தான்மா கடைசியா தயாராகுது. அது தயாராகறவரைக்கும் நீ சும்மா கிட" என்பாள். அப்படிப்பட்டவள் இன்று கேட்கிறாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்கும் அளவுக்கு, தன் கை இல்லாத இடத்தில் பேரப்பிள்ளை பிறப்பது அவளை உலுக்கியிருக்கிறது.

ஒருவேளை பிள்ளை மூச்சுக்குத் திணறினால்? விமானத்தில் பில்லிங்ஸுக்கு ஏற்றினால்? பிள்ளையை வைத்த கண்ணாடிப் பெட்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போகிறவளும் வெர்லாவாகத்தான் இருப்பாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை இருமும்போதெல்லாம் வெர்லா என் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று ஜோலினுக்குத் தோன்றியது. பிள்ளையையும் நேராகப் பார்க்க மாட்டாள்.

டாக்டர் ஹாக்லண்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர். ஆள் நல்லவர், அவசரக்காரர். தாளைப் பார்த்தார்.

"ம்... எல்லையிலதான் நிக்குது. நாளைக்கும் ஒரு தடவை பாத்துடலாம். தலைவலி ஏதாவது இருக்கா? கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி?"

அவர் முதுகுக்குப் பின்னால் வெர்லா நின்றிருந்தாள். தலையை அசைக்கக்கூட இல்லை. கண்கள் மட்டும், கடையில் பொம்மை கேட்டு நிற்கும் குழந்தையின் கண்கள்போல ஜோலின் மேலேயே இருந்தன. ஜோலினுக்கு அவளை எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இல்ல, டாக்டர்."

"கண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள் வெர்லா.

ஜோலின் கையை நீட்டினாள். வெர்லா இரண்டடி முன்னால் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"யோசிச்சுட்டேன், வெர்லா. தலைவலி இல்ல."