எழுதுப்பூனை

தஞ்சாவூரில் ரகுராமனின் சின்ன அலுவலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கணினி நிரல்மொழி தயாராகிறது. கட்டளைகள் எல்லாம் தமிழ்தான். 'காட்டு' என்று தட்டினால் திரையில் எழுத்து வரும். அதற்குக் கையேடு எழுதுகிறவள் நஜ்மா. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள், இப்போது மறுபடி வேலைக்கென்று நாகூரிலிருந்து ரயிலேறி வந்து போகிறாள்.

"இந்தக் கையேட்ட யாருங்க படிக்கிறா? எல்லாரும் வீடியோதான் பாக்குறாங்க. மாசக் கடைசியோட நிறுத்திக்கலாமான்னு பாக்குறேன்" என்று ரகுராமன் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, செலவு கையைக் கடிக்கிறது.

அந்த நேரம் பார்த்தா கட்டளையின் பெயரை மாற்ற வேண்டும்! 'காட்டு' இனிமேல் 'எழுது' என்றார்கள். வேலையே போகப்போகிறது என்று கலங்கியவளுக்குப் பக்கம் பக்கமாகப் பார்க்கப் பொறுமை ஏது? 'காட்டு' வரும் இடமெல்லாம் 'எழுது' போடு என்று கணினியிடமே சொல்லி, இணையத்தில் வெளியிட்டுவிட்டு, ரயிலைப் பிடித்தாள்.

கணினி சொன்னதைச் செய்தது. எடுத்துக்காட்டு எல்லாம் 'எடுத்துக்எழுது' ஆயின. விளையாட்டுப் பாடத்தில் ஓடிய காட்டுப்பூனை 'எழுதுப்பூனை' ஆனது. பஸ் பாடத்தில் வந்த ஓர் ஊரும் தப்பவில்லை.

மறுநாள் காலை ரகுராமனின் மேசையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"காட்டுமன்னார்கோயில்லேர்ந்து ஈஸ்வரி டீச்சர் பேசுறேங்க. எங்க ஊரு உங்க கையேட்டுல 'எழுதுமன்னார்கோயில்'னு இருக்கு!"

எதிரே நின்ற நஜ்மா போன் பக்கம் குனிந்தாள். "என் தப்புதாங்க டீச்சர். மன்னிச்சிருங்க, இப்பவே திருத்திடுறேன்."

"அய்யோ, திட்டக் கூப்பிடலைங்க. இங்க வீடியோ ஓடுற அளவுக்கு நெட்டு ஏதுங்க? உங்க கையேட்ட வச்சுத்தான் வகுப்பே நடக்குது. இன்னிக்குப் புள்ளைங்க சிரிச்சு உருளுதுங்க. இன்னும் எங்கெல்லாம் தப்பு இருக்குன்னு தேடுதுங்க."

பின்னாலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது: "பூனைய மட்டும் மாத்தாதீங்க மிஸ்!"

நஜ்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ரகுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நிதானமாத் திருத்துங்க நஜ்மா" என்றார் கடைசியில். "அடுத்த மாசமும் இருக்குல்ல. பூனை அப்படியே இருக்கட்டும்."